வீட்டில் கட்டிய விமானம்: பறக்கும் முன் பழகுவதும் காப்பீடு எடுப்பதும்

சொந்தக் கொட்டகையில் ஒரு விமானத்தைக் கட்டி, அதில் தானே ஏறிப் பறப்பதை அமெரிக்கச் சட்டம் பல்லாண்டுகளாக அனுமதிக்கிறது. கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் கட்டுமான வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்திருந்தால், அந்த விமானத்துக்கு 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற வகையில் பறக்கும் சான்றிதழ் கிடைக்கும். 51 சதவீத விதி என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். சிலர் வரைபடத்தை மட்டும் வாங்கி ஒவ்வொரு துண்டையும் தாங்களே வெட்டுவார்கள். பெரும்பாலானோர், பாகங்கள் தயாராக வரும் தொகுப்பான கிட் வாங்குவார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973இல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசைக் கிட்களில் கட்டி முடித்துப் பறந்தவை மட்டும் 11,000ஐத் தாண்டிவிட்டன.

கட்டுவதைப் பற்றி எழுதுபவர்கள் நிறைய பேர். கட்டி முடித்தவர், அல்லது அவரிடமிருந்து வாங்கியவர், அதை ஓட்டத் தகுதியானவரா என்ற கேள்வியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உயிர் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் லைசென்ஸ் விஷயம். அமெரிக்காவில் ஒரு தனியார் பைலட் லைசென்ஸில் 'ஒற்றை எஞ்சின், தரையிறங்கும் விமானம்' என்று ஒரு தகுதி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் நூற்றுக்கணக்கான மாடல்கள் அடங்கும். ஒவ்வொரு மாடலுக்கும் தனித் தேர்வு வேண்டும் என்ற விதி, 5,670 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானங்களுக்கும் ஜெட்களுக்கும்தான். சிறிய விமானங்களில் வால்சக்கரம், மடங்கும் சக்கரம், 200 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் போன்ற சில அம்சங்களுக்கு மட்டும் பயிற்றுநர் ஒருவர் பைலட்டின் பறப்புக் குறிப்பேடான லாக்புக்கில் கையெழுத்திட வேண்டும். மற்றபடி, தொழிற்சாலையில் செய்யும் சிறு விமானமான செஸ்னா 172இல் பறக்கக் கற்றவர் நேற்று வாங்கிய வீட்டு விமானத்தில் இன்று தனியாக ஏறினால் அவரைத் தடுக்கச் சட்டத்தில் பெரிதாக எதுவும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் டிரான்சிஷன் பயிற்சி. ஏற்கெனவே பறக்கத் தெரிந்த ஒருவர், தனக்குப் பழக்கமில்லாத ஒரு விமானத்துக்கு மாறும்போது, அந்த விமானம் தெரிந்த பயிற்றுநருடன் அமர்ந்து அதன் குணத்தைப் பழகிக்கொள்வதே இது. இது அடிப்படைப் பயிற்சியை மறுபடி எடுப்பது அல்ல. பழைய விமானத்தில் கை தானாகச் செய்த காரியங்களில் எவை இங்கே தப்பாகும் என்று கண்டுபிடித்து மாற்றிக்கொள்வதே இதன் சாரம்.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, உலகமே அறிந்த ஒரு விபத்து இருக்கிறது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து லாங்-ஈஸி என்ற சிறு விமானத்தில் கிளம்பி, பசிபிக் குரோவ் கரையருகே கடலில் விழுந்து இறந்தார். அவர் கற்றுக்குட்டி அல்ல. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் அவருக்கு இருந்தது. ஆனால் அந்த விமானத்தை வேறொருவர் கட்டியிருந்தார். டென்வர் அதை அப்போதுதான் வாங்கியிருந்தார். முந்தைய நாள் சுமார் அரை மணி நேரம் அதில் பழகிப் பார்த்ததே அவர் பெற்ற பயிற்சி.

லாங்-ஈஸியை வடிவமைத்தவர் பர்ட் ருட்டன். அவருடைய வரைபடத்தில், எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கைப்பிடி பைலட்டின் கைக்கு எட்டும்படி முன்பக்கம் இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர், எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்று எண்ணி, கைப்பிடியைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களிலும் அளவுக்கோடுகள் இல்லை. அன்று, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன் என்று சொல்லி டென்வர் எரிபொருள் நிரப்பாமல் கிளம்பினார். ஒரு டேங்க் வற்றியபோது மற்ற டேங்குக்கு மாற்ற வேண்டும். அதற்கு உடலை இடப்பக்கம் திருப்பிப் பின்னால் கை நீட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் ஊன்றி, விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலை அழுத்திவிடுகிறது என்பதை விசாரணை செய்தவர்கள் இதே வகை விமானத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி தன் முடிவில், கவனம் சிதறியதையும் தவறுதலாக ரடர் அழுந்தியதையும் எரிபொருள் நிரப்பாததையும் காரணங்களாகச் சொன்னது. கைப்பிடியின் இடம், குறியில்லாத அளவுக் குழாய், இந்த வகை விமானத்தில் அனுபவம் இல்லாமை ஆகியவற்றோடு போதாத டிரான்சிஷன் பயிற்சியையும் துணைக் காரணமாக வெளிப்படையாக எழுதியது. அடுத்தவர் வீட்டு அடுக்களையில் உப்பு ஜாடியைத் தேடுகிற நிலைதான் அது. ஆனால் 150 மீட்டர் உயரத்தில், எஞ்சின் நின்றுபோன நொடியில் தேட வேண்டியிருந்தது.

தொழிற்சாலையில் செய்த ஆயிரம் செஸ்னாக்களில் ஒன்றில் பழகியவருக்கு மற்ற 999இலும் கைப்பிடி அதே இடத்தில் இருக்கும். வீட்டில் கட்டியதில் அந்த உறுதி இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கொட்டகையில் நிற்கும் இரண்டு ஆர்வி-7களில் ஒன்றுக்கு 160 குதிரைத்திறன், மற்றதற்கு 200 இருக்கலாம். ஒன்றில் சுழலும் ஊசிக் கருவிகள், மற்றதில் முழுக்கத் திரைகள். இறக்கையின் பின்விளிம்பை இறக்கும் ஃபிளாப்பின் சுவிட்ச் ஒன்றில் ஓட்டும் கைப்பிடியான ஸ்டிக்கின் மேல், மற்றதில் பேனலில். எடைச் சமநிலையும் வேறு, இறக்கை தூக்குவதை நிறுத்தும் ஸ்டால் வேகமும் சற்று வேறு. அதனால் பயிற்சிக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, இந்த மாடலின் பொதுவான குணத்தைப் பழகுவது. மற்றது, இந்த ஒரு குறிப்பிட்ட விமானத்தைப் பழகுவது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

மாடலின் குணத்தை எப்படி வகைப்படுத்துவது? அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ இதற்கென்றே ஓர் ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. 90-109 என்பது அதன் எண், 2011இல் வந்து 2015இல் திருத்தப்பட்டது. எனக்கு அதில் பிடித்த விஷயம், மாடல் பெயர்களை வரிசையாக அடுக்காமல் நடத்தையை வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருப்பது. உங்கள் விமானத்தின் பெயரைக் கேள்விப்பட்டவரே அருகில் இல்லாவிட்டாலும், அது எந்தக் குடும்பம் என்று தெரிந்தால் அதே குடும்பத்து வேறொரு விமானத்தில் பழகலாம்.

எடை குறைந்து காற்றுத்தடை மிகுந்த குடும்பம் ஒன்று உண்டு. துணி போர்த்திய மெல்லிய விமானங்கள் இதில் வரும். இவற்றைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். மெதுவாகப் பறக்கும், சின்ன இடத்தில் இறங்கும். ஆனால் எஞ்சின் நின்றால் வேகம் கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். செஸ்னாவில் பழகியவர் ஒன்றிரண்டு நொடி திகைத்து நிற்க அந்த விமானம் இடம் கொடுக்கும். இங்கே அந்த நொடிகள் கிடையாது. மூக்கை உடனே கீழே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இறக்கை ஸ்டால் ஆகும், அதாவது காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லை மீறித் தூக்குவிசை சட்டெனச் சரியும். புறப்பட்ட சில நிமிடங்களில் தாழ்வான உயரத்தில் அது நடந்தால் மீட்கப் போதிய உயரம் இருக்காது.

இதற்கு நேர் எதிர்க் குடும்பம், கனமும் வழுவழுப்பும் கொண்டவை. லான்ஸ்ஏர் IV-பி இதற்குச் சரியான உதாரணம். செஸ்னா 172இன் இறக்கை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 70 கிலோ சுமக்கிறது. லான்ஸ்ஏர் IV-பியின் இறக்கை அதே பரப்பில் சுமார் 175 கிலோ சுமக்கிறது. அவ்வளவு சுமையைத் தாங்க வேகம் வேண்டும். ஆகவே இறங்கும்போதும் வேகமாகவே இறங்க வேண்டும். 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்) வேகத்தில் இறங்கிப் பழகியவர் 90 நாட்டில் இறங்கினால், எடை மாறாவிட்டாலும் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. தொழிற்சாலையில் செய்யும் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களுக்கு ஸ்டால் வேகம் 61 நாட்டைத் தாண்டக்கூடாது என்று பொதுவான ஒரு வரம்பு நெடுங்காலம் இருந்தது. வீட்டில் கட்டியவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. இந்த வகை அதிவேக விமானங்களின் விபத்துகளைப் பார்த்து எஃப்ஏஏ தனியாக எச்சரிக்கை விட்டதும், லான்ஸ்ஏர் உரிமையாளர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துப் பயிற்சித் திட்டம் வகுத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

ஆர்வி வரிசை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இறக்கைச் சுமை செஸ்னாவுக்குப் பக்கத்தில்தான். ஆனால் ஸ்டிக்கை அசைக்க மிகக் குறைந்த பலமே போதும். இரண்டு விரலால் ஓட்டலாம். கனமான கைப்பிடியை இழுத்துப் பழகியவர் முதல் தரையிறக்கத்தில் இங்கேயும் அதே பலத்தோடு இழுப்பார், மூக்கு வானைப் பார்க்கும், பயந்து தள்ளுவார், மூக்கு தரையைப் பார்க்கும். இப்படி மேலும் கீழுமாக ஆடுவது ஓரிரு மணி நேரப் பயிற்சியில் அடங்கிவிடும். பயிற்சி இல்லாமல் ஓடுபாதைக்கு மேலே அடங்குமா என்பது நிச்சயமில்லை. லாங்-ஈஸி போல முன்னால் குட்டி இறக்கையும் பின்னால் புரொப்பெல்லரும் வைத்தவை இன்னொரு குடும்பம். வால்சக்கர விமானங்கள், இருவர் உட்காரவே முடியாத ஒற்றை இருக்கை விமானங்கள் என்று இன்னும் உண்டு.

ஒற்றை இருக்கையில் பயிற்றுநர் எங்கே உட்காருவார் என்ற கேள்வி வரும். உட்கார முடியாது. ஆர்வி-3க்குப் போகிறவர் இரண்டு இருக்கை ஆர்வி-4இல் பழகிவிட்டு வருவார். குணத்தில் நெருங்கிய இன்னொன்றைத் தேடுவதே வழி.

நல்ல பயிற்சி தரையில் தொடங்கும். எரிபொருள் டேங்கிலிருந்து எஞ்சின் வரை வழியைக் காகிதத்தில் தானே வரைய வேண்டும். மின்சாரத்தில் எது போனால் எது நிற்கும் என்று தெரிய வேண்டும். இது கட்டாயம், ஏனென்றால் இப்போதைய பல வீட்டு விமானங்களில் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் அமைப்பே மின்சாரத்தை நம்பி இருக்கிறது. பிறகு காக்பிட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பயிற்றுநர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கைப்பிடியையும் தொட்டுக் காட்ட வேண்டும். பத்து நிமிட வேலை, செலவே இல்லை. டென்வரின் கதையைப் படித்தவர் யாரும் இதைத் தவிர்க்க மாட்டார்கள்.

வானத்தில் முதல் வேலை தரையிறக்கம் அல்ல. போதிய உயரத்தில் மெதுவாகப் பறந்து பார்ப்பது, ஸ்டாலின் அறிகுறி எப்படி வருகிறது என்று உணர்வது, எஞ்சினைக் குறைத்து எவ்வளவு தூரம் சறுக்கும் என்று அளப்பது ஆகியவையே முதலில். தொழிற்சாலை விமானங்கள் பல ஸ்டாலுக்கு முன் ஹார்ன் அடித்தும் உடலை நடுக்கியும் சொல்லிக் கொடுக்கும். வீட்டில் கட்டியவை சில எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு பக்கம் கவிழும். அதை 1,500 மீட்டர் உயரத்தில் தெரிந்துகொள்வது பாடம். பிறகே தரையிறக்கம், பாதியில் கைவிட்டு மறுபடி ஏறுவது, பக்கக்காற்று.

இந்தப் பயிற்சியைக் காசுக்குக் கற்றுத்தருவதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் கூலிக்கு ஆள் ஏற்றக்கூடாது. ஆகவே தன் ஆர்வி-7ஐ வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கட்டணப் பயிற்சி தர நினைக்கும் பயிற்றுநர், எஃப்ஏஏவிடம் விதிவிலக்குக் கடிதம் வாங்க வேண்டும். லோடா என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். லோடா வைத்திருப்பவர்கள் எண்ணிக்கை அதிகமில்லை. அவர்களிடம் பழக வேறு மாநிலம் வரை பயணம் போக வேண்டியிருக்கும். உரிமையாளர் தன் சொந்த விமானத்தில் பயிற்றுநரை அமர்த்திக் கற்பதற்கு இந்தக் கடிதம் தேவைப்பட்டதில்லை. 2021இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எஃப்ஏஏ அதற்கும் கடிதம் வேண்டும் என்று சொல்ல, பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அந்தக் கட்டாயம் நீங்கியது. பாதுகாப்புக்காகப் பயிற்சி எடுக்க வருபவருக்குக் காகிதத் தடை போட்டது தவறு, அது நீங்கியது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி காப்பீடு. சட்டம் கேட்காத பயிற்சியை நடைமுறையில் கேட்டு வாங்குவது காப்பீட்டு நிறுவனம்தான் என்பதால் இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் இல்லை. ஆனால் கொட்டகையை வாடகைக்கு விடுபவரோ கடன் கொடுத்தவரோ கேட்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம். 2004ஆம் ஆண்டின் 785ஆம் எண் ஒழுங்குமுறை, விமானத்தின் எடையை வைத்து வெளியாருக்கான இழப்பீட்டின் குறைந்தபட்ச அளவையும் சொல்லியிருக்கிறது.

பாலிசியில் இரண்டு பெரிய பகுதிகள். உங்கள் விமானத்தால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு ஒன்று, உங்கள் விமானத்துக்கே வரும் சேதத்துக்கான உடற்பகுதிக் காப்பீடு மற்றொன்று.

பொறுப்புக் காப்பீட்டில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வரி உண்டு. '10 லட்சம் டாலர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடுத்து, 'ஒரு பயணிக்கு 1 லட்சம் டாலர்' என்று சின்னதாக இருக்கும். விபத்தில் உங்களோடு வந்த நண்பர் காயப்பட்டு 6 லட்சம் இழப்பீடு தீர்ப்பானால், நிறுவனம் அவருக்காக 1 லட்சம் கொடுத்து ஒதுங்கிவிடும். மீதி 5 லட்சம் உங்கள் தலையில். பயணிக்கென்று தனி உச்சவரம்பு இல்லாத பாலிசியும் விலைக்குக் கிடைக்கும்; அதற்குப் பிரீமியம் கூடுதல், எல்லோருக்கும் தரவும் மாட்டார்கள்.

உடற்பகுதிக் காப்பீட்டில் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்று ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வார்கள். முழுதாக அழிந்தால் அந்தத் தொகை கிடைக்கும். பிரீமியத்தைக் குறைக்க இந்தத் தொகையைக் குறைத்து எழுதும் ஆசை வரும். 90,000 டாலர் பெறுமானமுள்ள விமானத்துக்கு 60,000 என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தரையிறங்கும்போது சக்கரம் ஒடிந்து, புரொப்பெல்லர் மோதி, பழுதுபார்க்க 50,000 ஆகும் என்றால், நிறுவனம் அதை முழு இழப்பு என்று தீர்மானித்து 60,000 கொடுத்துவிட்டு உடைந்த விமானத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். சரிசெய்யக்கூடிய விமானம், ஏழெட்டு வருட சனி ஞாயிறுகளில் ரிவெட் அடித்துக் கட்டியது, கையைவிட்டுப் போய்விடும். கட்டியவருக்கு இது பணத்தை விடப் பெரிய இழப்பு.

தரையில் நிற்கும்போது மட்டும், ஓடும்போதும் சேர்த்து, பறக்கும்போதும் சேர்த்து என்று உடற்பகுதிக் காப்பீட்டைப் படிப்படியாக எடுக்கலாம். கட்டிக்கொண்டிருக்கும் காலத்துக்குத் தீ, திருட்டு, புயல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பாலிசியும் உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியமான பகுதி, யார் ஓட்டலாம் என்று சொல்லும் பைலட் நிபந்தனை. காப்பீட்டாளரின் விண்ணப்பம் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், வால்சக்கரத்தில் எத்தனை, மடங்கும் சக்கரத்தில் எத்தனை, கடந்த 12 மாதத்தில் எத்தனை, இதே மாடலில் எத்தனை. கடைசிக் கேள்வியே பிரீமியத்தை அதிகம் அசைக்கும். லட்சக்கணக்கில் ஓடும் கார்களுக்குக் காப்பீட்டாளரிடம் புள்ளிவிவரம் குவிந்திருக்கும். பல மாடல்களில் சில நூறு மட்டுமே பறக்கும், அதிலும் ஒன்றுபோல் ஒன்று இல்லாத விமானங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே அவர் பைலட்டின் மணிக்கணக்கை அளவுகோலாக எடுக்கிறார்.

மாடலில் அனுபவம் பூஜ்யம் என்றால் பாலிசியில் இப்படி ஒரு வரி வரலாம்: 'இதே மாடல் தெரிந்த பயிற்றுநருடன் 5 மணி நேரம், அதன்பின் தனியாக 5 மணி நேரம், அதற்குப் பிறகே பயணி.' லான்ஸ்ஏர் போன்றவற்றுக்கு இதைவிடக் கடுமையாக இருக்கும், வருடா வருடம் மறுபயிற்சியும் கேட்பார்கள். இந்த வரி அறிவுரை அல்ல, ஒப்பந்தம். நான்கு மணி நேரத்தில் நன்றாக வந்துவிட்டது என்று பயிற்றுநரே சொன்னாலும், ஐந்தாவது மணி நேரம் முடியும் முன் தனியாகப் பறந்து விபத்தானால் நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து மணி நேரம் முடிந்துவிட்டது என்பதால் பழகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த எண் நிறுவனம் ஏற்கத் தயாரான ஆபத்தின் எல்லை. உங்களுக்கு எட்டு மணி நேரம் தேவைப்பட்டால் எட்டு எடுக்க வேண்டும்.

நண்பர் ஓட்டலாமா என்பதற்கும் ஒரு வரி இருக்கும். இத்தனை மணி நேரம், இந்தத் தகுதி உள்ளவர் யாரும் ஓட்டலாம் என்று பல பாலிசிகள் திறந்த நிபந்தனை வைக்கும். அந்த நண்பர் விமானத்தை நொறுக்கினால் உங்களுக்குப் பணம் வரும். ஆனால் பல பாலிசிகளில் நண்பருக்குக் காப்பு கிடையாது; உங்களுக்குக் கொடுத்த பணத்தை நிறுவனம் அவரிடம் வசூலிக்கக் கிளம்பலாம். பயிற்றுநருக்கும் இதே நிலை. பெயர் சேர்க்காமல் அவரை விமானத்தில் ஏற்றுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

புதிதாகக் கட்டிய விமானத்துக்கு முதல் கட்டச் சோதனைப் பறப்பு உண்டு. எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடியாக இருந்தால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 என்பது வழக்கமான கணக்கு. இந்தக் காலத்தில் பயணி ஏறக்கூடாது. பல வருடம் கட்டியவருக்கு முதல் பறப்பைத் தானே செய்ய வேண்டும் என்ற ஏக்கம் இருப்பது இயல்பு. ஆனால் சோதிக்கப்படாத விமானமும் பழகாத பைலட்டும் ஒரே நாளில் சந்திப்பது இரட்டை ஆபத்து. கட்டிக்கொண்டிருக்கும்போதே பறப்பதை நிறுத்திவிட்டவர்கள் நிறைய பேர். பணமும் நேரமும் முழுக்கக் கொட்டகைக்குள் போய்விடுகிறது. அப்படிப்பட்டவர் முதலில் வாடகை விமானத்தில் கையைப் பழையபடி கொண்டுவந்து, பிறகு லோடா பயிற்றுநரிடம் அதே மாடலில் பழகி, அதற்குப் பிறகே தன் விமானத்தில் ஏற வேண்டும். தகுதியுள்ள இரண்டாம் பைலட் ஒருவர் கிட் விமானங்களின் சோதனைப் பறப்பில் உடன்வர 2014 முதல் எஃப்ஏஏ அனுமதிக்கிறது. ஈஏஏ என்ற விமானம் கட்டுவோர் சங்கம், 1953இல் பால் போபரெஸ்னி விஸ்கான்சினில் தொடங்கியது, அனுபவம் மிக்க தன்னார்வ ஆலோசகர்களை இதற்கென்றே வைத்திருக்கிறது. அவர்கள் உங்களுக்குப் பறக்கத் தகுதி இருக்கிறதா, அல்லது வேறொருவர் முதல் பறப்பைச் செய்வது நல்லதா என்று மனம்விட்டுச் சொல்வார்கள்.

கட்டியவரை விட, கட்டியதை வாங்குபவர் கூடுதலாக யோசிக்க வேண்டும். என்டிஎஸ்பி 2012இல் வீட்டு விமானங்களின் பாதுகாப்பைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், 2011இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பழையதாக வாங்கப்பட்டவை. உயிர்ப்பலி விபத்துகளில் முதலிடம் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதற்கு. கட்டியவருக்கு ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தெரியும். வாங்கியவருக்குப் பளபளக்கும் பெயின்ட் மட்டும் தெரியும். பயிற்சியை ஊக்குவிக்க வேண்டும், லோடா வழியைப் பெரிதாக்க வேண்டும் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்ததும் அதனால்தான்.

ஆகவே வாங்குபவர், முன்பணம் கொடுக்கும் முன் காப்பீட்டுத் தரகரிடம் பேசி, என் அனுபவத்துக்கு என்ன நிபந்தனை வரும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். சில மாடல்களுக்குக் காப்பீடே கிடைக்காது என்ற பதில் வந்தால் அது வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அடுத்துப் பயிற்றுநரைப் பிடித்துத் தேதி வாங்க வேண்டும். விமானம் கிடைப்பதை விட அவர் கிடைப்பது கடினம். விற்பவரையே ஒரு நாள் உட்கார வைத்து, வரைபடத்திலிருந்து எங்கெல்லாம் விலகினீர்கள், ஏன் விலகினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் இறந்திருந்தாலோ விமானம் இரண்டு மூன்று கை மாறியிருந்தாலோ, அந்த மாடல் தெரிந்த மெக்கானிக்கை அழைத்து வந்து அதே வேலையைச் செய்ய வேண்டும். வாங்கிய ஊரிலிருந்து சொந்த ஊருக்கு விமானத்தைக் கொண்டுபோகும் முதல் பயணத்தைத் தானே செய்ய நினைப்பதை விட, அதே மாடலில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது மேல். அவரோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும் மணி நேரம் பயிற்சிக் கணக்கில் சேருமா, அவர் பெயர் பாலிசியில் ஏறியிருக்கிறதா என்ற இரண்டையும் சாவியைக் கொடுக்கும் முன் தரகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.